நாலு வாரம் அழுகாத இறால்

புரட்டாசி மாதத்தில், சாப்பிடுவதற்காக இல்லாமல் அழுகுவதற்காக மட்டும் ஒரு பச்சை இறாலை வீட்டுக்குள் கொண்டுவந்தால் விரதம் கெடுமா, கெடாதா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. தெரிந்திருந்தால் என் அண்ணனின் மீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஐஸ் பெட்டிக்குள் கிடந்திருக்காது.

அண்ணன் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். கிள்ளான் துறைமுகத்தில் வேலை. பண்டமாரானில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தான். தனியாக என்று நாங்கள்தான் சொல்வோம், அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனோடு எட்டு வருடமாக, உடம்பை ஊதிக்கொள்ளும் பஃபர் என்ற கடல் மீன் ஒன்று இருந்தது. மலாயில் புந்தால் என்பார்கள். நாய்க்குட்டி முகம், சாம்பல் நிற உடம்பு, கறுத்த மூக்கு. பசித்தால் தண்ணீருக்கு மேலே வந்து அவன் சட்டையில் துப்பும். கூடவிட்ட மற்ற மீன்களின் வாலையெல்லாம் கடித்து முடித்துவிட்டு அதுவும் தனியாகவே வாழ்ந்தது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

போன வருடம் அண்ணனுக்குக் கடல் தாண்டிப் பிந்துலுவுக்கு மாற்றல் வந்தது. மீனைக் கொண்டுபோக வழியில்லை. கடையில் கொடுக்க மனமில்லை. ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னான்.

"உன்கிட்ட விட்டுட்டுப் போனா எனக்கு நிம்மதி மா. நீ எதையும் மறக்க மாட்ட. மறந்தாலும் மறந்துட்டோமோ மறந்துட்டோமோன்னு பத்து தடவ பாப்ப."

எங்கள் குடும்பத்தில் இது பாராட்டா கிண்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்து வயது மகள் அதற்குள் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டு, "மாமா மீனு நம்ம வீட்டுக்கு வருதா?" என்று கேட்டுவிட்டாள். சரி என்றேன். அந்த நிமிடத்திலிருந்து அந்த மீன் செத்துப்போவதைப் பல விதமாகக் கற்பனை செய்ய ஆரம்பித்தேன்.

அண்ணனின் பழைய தொட்டி ஓரத்தில் கசிந்துகொண்டிருந்ததால் நாங்கள் புதிதாக நான்கடித் தொட்டி வாங்க வேண்டியிருந்தது. தொட்டி வாங்குவது சுலபம். அதற்குப் பிறகுதான், தொட்டியில் நாம் வளர்க்க வேண்டியது முதலில் மீனை அல்ல என்பது தெரியவந்தது. மீன் கழிப்பதெல்லாம் தண்ணீரில் அம்மோனியாவாகும். அது மீனுக்கு விஷம். அதைத் தின்று, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றிக்கொடுக்க பாக்டீரியாக்கள் வேண்டும். அவை ஒட்டிக்கொண்டு குடியிருக்க ஏதாவது ஒரு பொருள் வேண்டும். எந்தப் பொருள் என்பதில்தான் உலகம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து கிடக்கிறது.

கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்கள் என்பார் ஒருவர். ஆனால் அந்தக் கல்லில் வாழும் புழு பூச்சியையெல்லாம் பஃபர் மீன் முறுக்கு மாதிரிக் கடித்துத் தின்னும் என்பார் இன்னொருவர். பட்டியலிலிருந்து கல்லை அடித்துவிட்டேன். மிச்சம் இரண்டு. ஒன்று, முள் முள்ளாக இருக்கும் பிளாஸ்டிக் பந்துகள். அவற்றை உயரமான ஒரு பெட்டியில் கொட்டி மேலேயிருந்து தண்ணீரைச் சொட்டவிட வேண்டும். காற்று நிறையக் கிடைப்பதால் பாக்டீரியா நன்றாக வேலை செய்யும். இன்னொன்று, நுண்ணிய துளைகள் கொண்ட செராமிக் வளையங்கள். கேனிஸ்டர் என்கிற மூடிய பில்டருக்குள் அவை இருக்கும். சத்தம் கிடையாது.

என் கணவர் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர். அவருக்குப் பந்துதான் பிடித்தது. "திறந்து பாக்கலாம். எது எங்க ஓடுதுன்னு கண்ணால பாக்கலாம்," என்றார். எனக்கோ திறந்து பார்க்க முடியும் என்பதுதான் பயமாக இருந்தது. நம்மால் முடிந்தால் மகளாலும் முடியும். ஆனால் மூடிய பில்டரில் மின்சாரம் போனால் காற்றில்லாமல் பாக்டீரியா செத்துவிடும் என்று படித்தேன். எங்கள் கட்டடத்தில் கடைசியாக எப்போது மின்சாரம் போனது என்று காவலாளியிடம் போய் விசாரித்தேன். அவர் என்னை லிப்டில் மாட்டிக்கொண்டவள் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமும் நன்மை தீமை எழுதினேன். மூன்று வாரத்தில் தாள் நான்கானது. கடைசியில் கணவர், "நீ எது சொன்னாலும் சரி," என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் அதிகம் பயப்படுவது அவருடைய இந்த வாக்கியத்துக்குத்தான். செராமிக் வளையம் என்றேன். சொன்னவுடன் பந்து என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

கிள்ளானில் அண்ணனுக்குப் பழக்கமான வளர்ப்பு மீன் கடையில்தான் எல்லாம் வாங்கினோம். கடைக்காரர் பனியன் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வியாபாரம் செய்பவர். வளையத்தைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"சரி அக்கா, இப்போ பாக்டீரியாவுக்கு சாப்பாடு போடணும். பாசார்ல ஒரு இறால வாங்குங்க. தோலோட பச்சையா ஒரு சாக்ஸுல கட்டித் தொட்டியில தொங்க விட்டுருங்க. அழுகணும். நாத்தம் வந்தா நல்லது லா."

"அண்ணே, இப்போ புரட்டாசி."

"மீன் தொட்டிக்கு என்ன அக்கா புரட்டாசி?"

கணவர் சிரித்தார். அவருக்கு விஷயம் தெரிந்தும் சிரித்தார். அதற்கு முந்தின வருடம் மகளுக்கு டெங்கி வந்தபோது, அவள் நலமாகி வந்தால் புரட்டாசி முழுக்கச் சைவம் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மனம் நிற்காது. அசைவம் வீட்டு வாசலைக்கூடத் தாண்டாது என்று நானாகவே ஒரு வரி சேர்த்துவிட்டேன். யாரும் கேட்காமல் சேர்த்த வரி அது. அதுதான் இப்போது குறுக்கே நின்றது.

"பழைய தொட்டியோட பந்து இருந்தா அதையே கொண்டாங்களேன். அதுல பாக்டீரியா ரெடியா இருக்கும்," என்றார் கடைக்காரர்.

அந்தப் பந்துகளை நான் அண்ணன் வீட்டில் பார்த்திருந்தேன். பழுப்பாக, வழவழவென்று, தண்ணீர் வற்றிய நேரத்துத் துறைமுகத்தின் வாசனையோடு. பழைய தொட்டிகளிலிருந்து நோய்க்கிருமியும் சேர்ந்து வரும் என்று வேறு படித்திருந்தேன். பாக்டீரியாவை நான் புதிதாக, சுத்தமாக வளர்த்துக்கொள்வேன் என்று முடிவு செய்தேன். அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்: தொட்டியைக் காலி செய்ததும் உன் பந்துகளைக் குளோரின் போட்டுச் சுடுதண்ணீரில் இரண்டு முறை கழுவி வெயிலில் காயவைத்துக் கொண்டு வா, ஆபத்துக்கு வைத்துக்கொள்கிறேன். கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. அவன் தொட்டியைக் காலி செய்த அன்று காலை, "கழுவியாச்சு" என்று ஒரு வரியும் வந்தது.

இறால் விஷயத்தை நான் லேசாக விடவில்லை. கோயிலில் குருக்களிடமே கேட்டேன்.

"யாரும்மா சாப்பிடப் போறா?"

"யாரும் சாப்பிடல சாமி. அழுகறதுக்கு."

அவர் தீபாராதனைத் தட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பிறகு, "அர்ச்சனை யார் பேருக்கு?" என்றார். கணவரின் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெறும் அம்மோனியாவைப் பாட்டிலில் வாங்கி ஊற்றலாம் என்று ஒரு வழி இருந்தது. குழந்தை இருக்கும் வீட்டில் அதை எங்கே ஒளித்துவைப்பது? அப்படி நினைத்துக்கொண்டே ஒரு மத்தியானம் சமையலுக்காகக் குளிர்ப்பெட்டியைத் திறந்தபோது, சைவப் பொருள் கடையில் வாங்கிய, இறால் போலவே செய்த சைவ இறால் பொட்டலம் கண்ணில் பட்டது. வெள்ளை உடம்பு, ஆரஞ்சுக் கோடு, வளைந்த வால். நான் படித்தவள். சும்மா தூக்கிப் போட்டுவிடவில்லை, காரணகாரியத்தோடு யோசித்தேன். இறாலில் புரதம் இருக்கிறது, புரதம் அழுகினால் அம்மோனியா வரும். சைவ இறைச்சி எல்லாம் சோயாவில் செய்வது, சோயாவிலும் புரதம் இருக்கிறது. ஆகவே. இந்த ஆகவேயைப் பற்றி எனக்கு அன்று மிகவும் பெருமையாக இருந்தது. மகளின் வெள்ளைப் பள்ளிச் சாக்ஸில் மூன்று சைவ இறாலைக் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டேன். கடையில் கொடுத்த பாக்டீரியா பாட்டில் ஒன்றையும் ஊற்றினேன்.

தினமும் காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீரைச் சோதிப்பேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் பூஜ்யம். முதல் வாரமும் அப்படி, நான்காவது வாரமும் அப்படி. அம்மோனியா ஏறி இறங்கும், நாற்றம் வரும், தண்ணீர் கலங்கும் என்றெல்லாம் எச்சரித்திருந்தார்கள். எதுவும் வரவில்லை. வீட்டில் ஊதுபத்தி வாசனைதான் இருந்தது.

"நீ செலக்ட் பண்ண வளையம் பலே வளையமா இருக்கே," என்றார் கணவர். அவர் அப்படிப் பாராட்டுவது அபூர்வம். நாலு தாள் எழுதியது வீண்போகவில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தேகமும் இருந்தது. ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் சந்தேகம் இருப்பதால், இதை மட்டும் தனியாகக் கவனிக்கத் தெரியவில்லை.

புரட்டாசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் மீனோடு வந்தான். மறுநாள் காலை அவனுக்கு விமானம். பழைய தொட்டியை அன்று விடிந்ததும் காலி செய்து, கொடுக்க வேண்டியதை வேண்டியவர்களுக்குக் கொடுத்து, வீட்டுச் சாவியை மட்டும் மிச்சம் வைத்திருந்தான். பெரிய ஐஸ் பெட்டி, அதற்குள் கடல் தண்ணீர், பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய், நடுவில் மீன். மகள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அண்ணன் தொட்டியைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. பிறகு சாக்ஸைப் பார்த்தான்.

"இது என்ன மா, இன்னும் எடுக்கலையா?"

அவிழ்த்தான். மூன்றும் உள்ளங்கையில் விழுந்தன. மூக்கருகே கொண்டுபோனான். இரண்டு விரலால் அமுக்கினான். அமுங்கி, மறுபடி பழைய உருவத்துக்கு வந்தது.

"எத்தன நாளா இருக்கு?"

"நாலு வாரம்."

"நாலு வாரமா தண்ணிக்குள்ள இருந்த இறாலா இது? இத அப்படியே சம்பல் வைக்கலாம் போல இருக்கே."

"வைக்கலாம் அண்ணே," என்றேன். "அது சைவம்."

கணவர் கூரை மின்விசிறியைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். அண்ணன் சமையலறைக்குப் போய், குளிர்ப்பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து பின்பக்கத்தைப் படித்தான். சோயா என்ற சொல்லே அதில் இல்லை. ஏதோ ஒரு கிழங்கு மாவு, தண்ணீர், உப்பு, நிறம். புரதம் என்ற இடத்தில் பூஜ்யம் என்று போட்டிருந்தது. என்னுடைய நான்காவது பூஜ்யம்.

"அப்போ அந்த பாக்டீரியாவெல்லாம்?" என்றார் கணவர்.

"நாலு வாரமா விரதம், மச்சான்," என்றான் அண்ணன்.

நான் அழுதேன் என்று சொல்ல மாட்டேன். முகம் கழுவப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்த யாரையும் நான் பசியோடு அனுப்பியதில்லை. கோடிக்கணக்கான உயிரை வரவழைத்து மாவுக்கட்டியைக் காட்டி ஏமாற்றியிருக்கிறேன். இப்போது அந்தச் செத்த தண்ணீரில் இந்த மீனை விட்டால், நாலைந்து நாளில் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். விடாவிட்டால் ஐஸ் பெட்டி. அண்ணனிடம் தொட்டியும் இல்லை, இன்னொரு நாளும் இல்லை. எதையும் மறக்காத தங்கையிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று வந்தவன், சோபாவில் கையில் மூன்று சைவ இறாலோடு உட்கார்ந்திருந்தான்.

"உன் பழைய பந்தாவது இருந்திருந்தா," என்றேன். "நான்தான் குளோரின் போட்டுக் கழுவச் சொல்லிட்டேன்."

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"கழுவல."

"கழுவியாச்சுன்னு அனுப்பினியே."

"அனுப்பினேன்."

"பொய்யா சொன்ன?"

"எட்டு வருஷமா கழுவாதத உனக்காக ஒரே நாள்ல ரெண்டு தடவ கழுவணுமா? போர்ச்ல ரெண்டு வாளியில, அதே தண்ணியோட அப்படியே கெடக்கு. நீ மோந்து பாத்துட்டுத் திட்டுவேன்னுதான் கொண்டு வரல."

சின்ன வயதிலிருந்து அவனுடைய சோம்பலுக்காக நான் திட்டாத நாள் இல்லை. அன்று முதல்முறையாக அந்தச் சோம்பலைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவன் சட்டென்று எழுந்தான். "பன்னெண்டு மணிக்கு வீட்டுக்கார அங்கிள் வருவாரு. வீடு கழுவ."

மணி பதினொன்றேகால். கணவரையும் மகளையும் ஐஸ் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் காரில் கிளம்பினோம். பெடரல் நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் எல்லோரும் ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் வழியெல்லாம் அங்கிளுக்குப் போன் அடித்தான். அவர் எடுக்கவில்லை. கழுவும்போது போனைக் காரிலேயே வைத்துவிட்டு வருகிற நல்ல பழக்கம் அவருக்கு இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தண்ணீர்க் குழாயும் மறுகையில் எங்கள் வாளியுமாகச் சாக்கடை ஓரத்தில் நின்றிருந்தார். மூக்கைத் துண்டால் கட்டியிருந்தார்.

"அங்கிள், அத ஊத்தாதீங்க," என்று காரிலிருந்தே கத்தினேன்.

"என்னம்மா இது? உள்ள ஏதாச்சும் செத்துப் போச்சா?"

"இல்ல அங்கிள், எல்லாம் உயிரோட இருக்கு."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். பிறகு பெருமையாக மதில் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இன்னொரு வாளிப் பந்துகள் புத்தம் புதிதாக, நீலநிறத்தில், வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவை நீலநிறம் என்பதே அண்ணனுக்கு அன்றுதான் தெரியும்.

"கிளோராக்ஸ் போட்டு ரெண்டு தடவ அலசிட்டேன். போறப்ப எடுத்துட்டுப் போங்க," என்றார்.

குளோரின் போட்டு இரண்டு முறை என்று நான் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே மனிதர் அவர்தான். நன்றி சொன்னோம். வேறென்ன சொல்வது?

மிஞ்சிய ஒரு வாளியை என் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஜன்னலைத் திறந்தாலும் அடைத்தாலும் ஒரே வாசனைதான். வீட்டில் அடுத்த சிக்கல்: பந்துகளுக்குச் சொட்டும் பெட்டி வேண்டும், எங்களிடம் இருந்ததோ மூடிய கேனிஸ்டர். பந்துகள் அதற்குள் அடங்கவில்லை. அப்போதுதான் என் கணவர் வாழ்க்கையில் காத்திருந்த நேரம் வந்தது. சமையலறையிலிருந்து நான் கீரை அலசும் பெரிய பிளாஸ்டிக் வடிகூடையை எடுத்து வந்தார். தொட்டியின் விளிம்பில் இரண்டு கம்பு வைத்து அதன் மேல் கூடையை உட்காரவைத்தார். பந்துகளைக் கொட்டினார். ஒரு சின்னப் பம்ப் தண்ணீரை மேலே ஏற்ற, அது பந்துகளின் மேல் விழுந்து, கூடையின் ஓட்டைகள் வழியாகத் தொட்டிக்குள் மழைபோலச் சொட்டியது.

"பாரு, எது எங்க ஓடுதுன்னு கண்ணால பாக்கலாம்," என்றார். இவ்வளவு நாள் அடக்கிவைத்த வாக்கியம்.

மீனை மெதுவாகப் புதுத் தண்ணீருக்குப் பழக்கி உள்ளே விட்டோம். அது ஒரு மூலையில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டது. மறுநாள் அண்ணன் விமான நிலையத்திலிருந்து கேட்ட முதல் கேள்வி, "துப்பிச்சா?" என்பது. இல்லை என்றேன். சரி மா என்று மட்டும் சொன்னான். அந்தச் சரி மாவைக் கேட்டு நான் மறுபடி முகம் கழுவப் போனேன்.

பாதிப் பந்துதான் மிஞ்சியிருந்ததால் மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நகத்தளவு உணவுதான். அம்மோனியாச் சோதனையில் பூஜ்யத்தைக் காட்டும் மஞ்சள் லேசாகப் பச்சைக்கு மாறியது. தண்ணீரில் கால்வாசியை மாற்றினேன். மறுபடி பச்சை, மறுபடி மாற்றினேன். ஒன்பதாவது நாள் அம்மோனியா மஞ்சளுக்குத் திரும்பி அங்கேயே நின்றது, பாக்டீரியா வேலை செய்வதற்கு அடையாளமாக நைட்ரேட் குழாயில் முதல்முறையாக ஆரஞ்சு நிறம் வந்தது. அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அதற்கடுத்த வாரம், பாசாரில் வாங்கிய நிஜ இறாலை உரித்துக் கையில் வைத்து நீட்டியபோது, மீன் மேலே வந்து என்னை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு என் சட்டையில் துப்பியது. மகள் அதை வீடியோவாக மாமாவுக்கு அனுப்பினாள். பிந்துலுவிலிருந்து கட்டைவிரல் படம் வரவில்லை. அவனே கூப்பிட்டான். எவ்வளவு தூரம் துப்பியது என்று கேட்டான்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. மீன் நன்றாக இருக்கிறது. வடிகூடையும் இருக்கிறது. ஹாலின் நடுவில், வருகிற விருந்தாளிகள் எல்லோரும் முதலில் பார்க்கும் இடத்தில், ராப்பகலாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதன் சத்தத்தில் தொலைக்காட்சி கேட்பதில்லை. மகள் அதில் ஒரு பொம்மை வாத்தை உட்காரவைத்திருக்கிறாள். இதற்குள் கேனிஸ்டரில் உள்ள என் வளையங்களிலும் பாக்டீரியா குடியேறியிருக்கும், கூடையை எடுத்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு பக்கம். பந்துகள் அழுக்கைச் சேர்த்து நைட்ரேட்டை ஏற்றிவிடும், சீக்கிரம் எடு என்கிறது இன்னொன்று. மீன் மட்டும் வாழும் தொட்டிக்கு அந்த நைட்ரேட் பெரிய விஷயமில்லை, இத்தனை கழிக்கும் மீனுக்குப் பந்துதான் சரி, தொடாதே என்கிறது மூன்றாவது. கணவரைக் கேட்டால் நீ எது சொன்னாலும் சரி என்பார், அதனால் கேட்கவில்லை.

உப்புத் தண்ணீரில் பஃபர் மாதிரி பெரிய மீன் வளர்த்த யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். என் வளையங்களுக்குள் உயிர் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? பந்துகளை எடுப்பதானால் ஒரே நாளிலா, வாரத்துக்கு ஒரு கைப்பிடியாகவா? கைப்பிடி என்றால் என் கையா, கணவர் கையா என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும். பதில் வரும்வரை கூடையைத் தொட மாட்டேன்.